ஊமையான செல்போன்கள்!

"அலோ! அலோ! கண்ணு, கேக்குதா?"

பாட்டி உரக்கக் கத்திப் பார்த்தாள். பதில் இல்லை. போனைக் காதில் இருந்து எடுத்துக் குலுக்கினாள். மறுபடியும் காதில் வைத்தாள். ஒரு சத்தமும் இல்லை.

"நேத்து ராத்திரி நல்லாத்தானே இருந்தது!" என்று முணுமுணுத்தபடி பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டாள்.

பையன் வந்து பார்த்தான். போனில் 'சார்ஜ்' இருந்தது. ரீசார்ஜ் செய்த பணமும் இருந்தது. கீழே விழுந்து உடையவும் இல்லை. ஆனால், மூலையில் படிக்கட்டு போல நிற்குமே சிக்னல் கோடுகள், அவற்றைத்தான் காணோம்!

"பாட்டி, உங்க போன் மட்டும் இல்லை. எங்க அப்பா போனும் இப்படித்தான் கிடக்குது" என்றான் பையன்.

2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 21, 22-ந் தேதிகளில் தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளில் நடந்த காட்சி இது. ஏர்செல் கம்பெனியின் சிம்கார்டு வைத்திருந்தவர்களின் செல்போன்கள் ஊர் ஊராக ஊமை ஆயின. சென்னையில் பேசவில்லை. கோவையில் பேசவில்லை. மதுரையில் பேசவில்லை.

முதலில் எல்லோரும் போனைத்தான் சந்தேகித்தார்கள். அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். சிம்கார்டை வெளியே எடுத்து, வேட்டி முனையில் துடைத்து, திரும்பச் செருகினார்கள். மொட்டை மாடிக்கு ஏறிப் போய்க் கையை உயர்த்திப் பார்த்தார்கள். பலன் இல்லை.

"எல்லைக்கு வெளியே!"

ஏர்செல் எண்ணை வெளியூரில் இருந்து கூப்பிட்டவர்களின் பாடு இன்னும் மோசம். "நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது" என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொல்லும். அந்தக் குரலுக்குக் கோபமும் கிடையாது, இரக்கமும் கிடையாது.

துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிற பிள்ளை, ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குப் பேசுவது வழக்கம். எட்டு மணி ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. அம்மா எடுக்கவில்லை. பிள்ளைக்கு என்ன தோன்றும்? அம்மாவுக்கு உடம்புக்கு என்னவோ என்றுதான் தோன்றும். கம்பெனி கடனில் மாட்டிக்கொண்டது என்றா தோன்றும்?

இப்படி ஓர் ஊரில் ஒருவருக்கு அல்ல. ஒரே நேரத்தில் பல லட்சம் பேருக்கு நேர்ந்தது. பல ஊர்களில் ஏர்செல் ஷோரூம்கள் முன்னால் ஜனங்கள் திரண்டார்கள். கேள்வி ஒன்றுதான்: "எப்போ பேசும்?" கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கும் பதில் தெரியவில்லை. பாவம், அவர்களுடைய செல்போன்களும் பேசவில்லை!

ஒரு நிமிடம் ரூ.16.80

செல்போன் நம் நாட்டுக்கு வந்து அப்படி ஒன்றும் நெடுங்காலம் ஆகிவிடவில்லை. 1995-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி முதல் பேச்சு நடந்தது. கல்கத்தாவில் இருந்து மேற்கு வங்காள முதல்-மந்திரி ஜோதிபாசு பேசினார். டெல்லியில் மத்திய தகவல் தொடர்பு மந்திரி சுக்ராம் கேட்டார்.

அந்தக் காலத்தில் நிமிடத்துக்கு ரூ.16.80 வரை கட்டணம். வருகிற போனை எடுத்தாலும் காசு! மாப்பிள்ளை போன் செய்தால் மாமனார் பணம் கட்ட வேண்டும். 2003-ம் ஆண்டு மே மாதம் முதல்தான் வருகிற பேச்சு இலவசம் ஆயிற்று. அதன் பிறகுதான் பூக்கடைக்காரர் கையிலும், கொத்தனார் சட்டைப் பையிலும் செல்போன் ஏறியது.

அப்படி ஏறிய போன்களில் தமிழ்நாட்டில் ஏராளமானவை ஏர்செல்தான். அந்தக் கம்பெனி 1999-ல் தமிழ்நாட்டில்தான் தன் சேவையைத் தொடங்கியது. தொழிலதிபர் சி.சிவசங்கரன் தொடங்கியது. 2006-ல் மலேசியாவின் மேக்சிஸ் நிறுவனம் 74 சதவீதப் பங்கை வாங்கியது. பிறகு இந்தியா முழுவதும் பரவியது. ஆனாலும் தமிழ்நாட்டு ஜனங்களுக்கு அது 'நம்ம ஊர் கம்பெனி'. 98420, 98421 என்று தொடங்கும் எண்கள் கடை போர்டுகளிலும், ஆட்டோக்களின் முதுகிலும், கல்யாணப் பத்திரிகைகளிலும் இடம் பிடித்தன.

குரல் போகும் பாதை

அப்படிப்பட்ட கம்பெனியின் குரல் ஒரே நாளில் அடங்கியது எப்படி?

இது புரிய வேண்டுமானால், நாம் பேசுகிற பேச்சு எந்த வழியாகப் போகிறது என்று தெரிய வேண்டும். ஒரு செல்போனில் இருந்து இன்னொரு செல்போனுக்குக் குரல் நேராகப் பறந்து போவது இல்லை. அடுத்தடுத்த அறையில் இருந்து பேசினாலும் அப்படித்தான். நம் போன், பக்கத்தில் இருக்கும் கோபுரத்துக்கு ரேடியோ அலையாகக் குரலை அனுப்பும். கோபுரத்தில் இருந்து கம்பி வழியாகவோ, வேறு அலை வழியாகவோ அது கம்பெனியின் தொடர்பு நிலையத்துக்குப் போகும். யாருக்குப் போக வேண்டும், அவர் இப்போது எந்தக் கோபுரத்தின் நிழலில் இருக்கிறார் என்று அங்கே கண்டுபிடிப்பார்கள். பிறகு அந்தக் கோபுரத்துக்கு அனுப்புவார்கள். அது அவர் காதில் சேர்க்கும். கண் மூடித் திறப்பதற்குள் இத்தனையும் நடந்துவிடும்.

எதிரே இருப்பவர் வேறு கம்பெனிக்காரர் என்றால் இன்னொரு வேலை உண்டு. இந்தக் கம்பெனியின் வாசலில் இருந்து அந்தக் கம்பெனியின் வாசலுக்குப் பேச்சைக் கைமாற்ற வேண்டும். அதற்குக் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வழக்கு உண்டு. பாக்கி வைத்தால், வாசல் கதவு சாத்தப்படும்.

கோபுரம் விஷயத்திலும் ஜனங்களுக்குத் தெரியாத ரகசியம் ஒன்று இருக்கிறது. பல கோபுரங்கள் செல்போன் கம்பெனிக்குச் சொந்தமானவை அல்ல! கோபுரம் கட்டி வாடகைக்கு விடுவதற்கென்றே தனிக் கம்பெனிகள் இருக்கின்றன. ஒரே கோபுரத்தில் இரண்டு மூன்று செல்போன் கம்பெனிகள் குடி இருக்கும். ஒண்டுக்குடித்தனம் போலத்தான். வாடகை, மின்சாரம், ஜெனரேட்டருக்கு டீசல் எல்லாம் மாதா மாதம் கொடுத்தாக வேண்டும்.

ஏர்செல் அந்த இடத்தில்தான் சறுக்கியது. கோபுரக் கம்பெனியோடு தகராறு முற்றியது. கோபுரங்களில் இருந்த ஏர்செல் கருவிகள் அணைக்கப்பட்டன. கோபுரம் வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. பக்கத்துக் கம்பெனிக்கு அது பேசியது. ஏர்செல்லுக்கு மட்டும் பேசவில்லை.

கடன் எப்படி வந்தது?

2016-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி ஜியோ கம்பெனி களத்தில் குதித்தது. "பேசுவதற்குக் காசே வேண்டாம்" என்றது. ஜனங்களுக்குக் கொண்டாட்டம். மற்றக் கம்பெனிகளுக்குத் திண்டாட்டம். எல்லோரும் கட்டணத்தைக் குறைத்தார்கள். பெரிய கம்பெனிகள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கின. ஏற்கனவே கடனில் இருந்தவர்களால் முடியவில்லை. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்சுடன் இணைந்து பிழைக்கலாம் என்று ஏர்செல் போட்ட திட்டமும் 2017 அக்டோபரில் முறிந்தது.

அதன் பிறகு சரிவு வேகமானது. குஜராத், மராட்டியம், அரியானா, இமாசலப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், உத்தரப்பிரதேசத்தின் மேற்குப் பகுதி ஆகிய 6 வட்டங்களில் 2018 ஜனவரி 30-ந் தேதியோடு கடையைக் கட்டியது. தமிழ்நாட்டில் அப்போதும் யாரும் பயப்படவில்லை. "இங்கேதான் அவங்களுக்கு நிறைய வாடிக்கை. இங்கே மூட மாட்டாங்க" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் டீக்கடைக்காரர் போனே அடங்கிவிட்டது.

பிப்ரவரி 28-ந் தேதி, தங்களால் கடனைக் கட்ட முடியவில்லை என்று மும்பையில் உள்ள கம்பெனிச் சட்ட தீர்ப்பாயத்தில் ஏர்செல் மனு கொடுத்தது.

போன் போனால் போகட்டும், எண்?

"ஒரு சிம்கார்டு போனால் என்ன? இன்னொன்று வாங்கினால் போயிற்று!" என்று நினைக்கலாம். முன்பு என்றால் அப்படிச் செய்துவிடலாம். 2018-ல் அது நடக்காது. ஏன் என்றால், அதற்குள் அந்தப் பத்து இலக்கம் மனிதனோடு ஒட்டிக்கொண்டு விட்டது.

பாங்கிக் கணக்கு அந்த எண்ணில்தான் இருக்கிறது. பணம் எடுத்தாலும் போட்டாலும் தகவல் அதற்குத்தான் வரும். ஒரு தடவை மட்டும் செல்லுகிற ரகசிய எண், அதுதான் 'ஓ.டி.பி.', அதற்குத்தான் வரும். ஆதார் அந்த எண்ணில். சமையல் கியாஸ் பதிவு செய்வது அந்த எண்ணில் இருந்து. 2017-ல் ரேஷன் கார்டு 'ஸ்மார்ட் கார்டு' ஆனது. அரிசி, சர்க்கரை வாங்கினால், "இவ்வளவு வாங்கினீர்கள்" என்று குறுந்தகவல் வருவதும் அந்த எண்ணுக்குத்தான்.

பாங்கியில் எண்ணை மாற்றலாமே என்றால், அதற்கு ஒரு விண்ணப்பம், ஒரு நாள் கூலி, ஒரு பஸ் செலவு. ஆதாரில் மாற்ற இன்னொரு நாள். கியாஸ் ஏஜென்சியில் இன்னொரு நாள். சிறு வியாபாரிக்கோ வேறு கவலை. பத்து வருடமாக அவர் போர்டில் இருக்கிற எண் அது. எலெக்ட்ரீஷியன், பிளம்பர், சமையல்காரர், நாதஸ்வரக்காரர் இவர்களுக்கெல்லாம் கடை கிடையாது. எண்தான் கடை! முகூர்த்த மாதத்தில் நாதஸ்வரக்காரரின் போன் ஊமையானால், கச்சேரி வேறு வாசலுக்குப் போய்விடாதா?

ஆகவே ஜனங்கள் ஒரே முடிவுக்கு வந்தார்கள். கம்பெனி போகட்டும். எண்ணைக் காப்பாற்ற வேண்டும்.

அதற்குச் சட்டத்தில் வழி இருந்தது. எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி 2010 நவம்பர் 25-ந் தேதி அரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20-ந் தேதி நாடு முழுவதும் வந்தது. புகுந்த வீட்டுக்குப் போனாலும் பெண்ணின் பெயர் மாறாதது போல, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் எண் மாறாது.

பூட்டிய அறைக்குள் சாவி!

செய்யவேண்டியது இவ்வளவுதான்: ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று அடித்து, ஓர் இடம் விட்டு, தன் பத்து இலக்க எண்ணை அடித்து, 1900 என்ற எண்ணுக்குக் குறுந்தகவல் அனுப்ப வேண்டும். உடனே எட்டு எழுத்துள்ள ஒரு குறியீடு திரும்பி வரும். அதைக் கொண்டு போய்ப் புதிய கம்பெனியின் கடையில் கொடுக்க வேண்டும்.

கேட்பதற்கு எளிது. ஆனால் குறுந்தகவல் அனுப்ப சிக்னல் வேண்டுமே! சிக்னல் இல்லாததால்தானே கம்பெனியே மாறப் போகிறார்கள்? பூட்டிய அறைக்குள்ளேயே சாவியை வைத்துவிட்ட கதை ஆகிவிட்டது.

அப்போது ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமா? "பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு வருதாம்" என்று கேள்விப்பட்டு அங்கே ஓடினார்கள். "விடியற்காலை நாலு மணிக்கு வருதாம்" என்றார்கள். அலாரம் வைத்து எழுந்தார்கள். குறுந்தகவல் போகும். பதில் வராது. பதில் வருவதற்குள் கோடு மறைந்துவிடும்.

பிறகு ஒரு மாற்று வழி அறிவிக்கப்பட்டது. போனில் 'நெட்வொர்க்' என்ற பகுதிக்குப் போய், 'தானாகத் தேடு' என்று இருப்பதை மாற்றி, வேறு கம்பெனியின் பெயரைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் கம்பெனியின் கோபுரம் வழியாக ஒரு சிறப்பு எண்ணைக் கூப்பிட்டால், எட்டு எழுத்துக் குறியீட்டைக் குரலில் சொல்லும்.

இந்த வழி படித்த பிள்ளைகளுக்குப் புரிந்தது. பாட்டிக்கு எப்படிப் புரியும்? அதுவரை அவளுக்குத் தெரிந்தவை இரண்டே பொத்தான்கள். பச்சை, சிவப்பு! எனவே, கல்லூரிப் பிள்ளைகளுக்கும், செல்போன் ரிப்பேர் கடைப் பையன்களுக்கும் அந்த நாட்களில் நல்ல மரியாதை. தெருவில் ஒருவன் இதில் கெட்டிக்காரன் என்று தெரிந்துவிட்டால் போதும். அவன் வீட்டுத் திண்ணையில் கூட்டம் கூடிவிடும். "தம்பி, எனக்கும் அந்த எட்டு எழுத்தைக் கேட்டுச் சொல்லேன்" என்று ஆளுக்கொரு போனை நீட்டுவார்கள். அவன் காதில் வைத்துக் கேட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பான். ஆங்கில எழுத்தும் இலக்கமும் கலந்து வருமே! 'பி'யா, 'டி'யா என்று காதில் சரியாக விழாது. ஒரு எழுத்து தப்பினாலும் கடையில் செல்லாது. மறுபடியும் திண்ணை, மறுபடியும் போன்!

புதிய கம்பெனிக் கடைகளிலும் திருவிழாக் கூட்டம். ஆதார் எண்ணைச் சொல்லி, கட்டை விரலைக் கருவியில் அழுத்த வேண்டும். வயல் வேலை செய்து ரேகை தேய்ந்தவர்களுக்கு அதுவும் பதியாது. துடைத்துவிட்டு அழுத்து, வேறு விரலை வை என்று நேரம் போகும். அதன் பிறகும் எண் புதிய சிம்கார்டுக்கு வந்து சேர சில நாட்கள் காத்திருக்க வேண்டும்.

கையை விட்டுப் போனவை

எண் தப்பியது. ஆனாலும் எல்லாம் தப்பிவிடவில்லை.

முதலாவது, ரீசார்ஜ் செய்த பணம். கம்பெனி மாறும்போது, மீதிப் பணம் கூடவே வராது. மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கட்டியவர்கள் ஏமாந்து நின்றார்கள்.

இரண்டாவது, பெயர்கள். பழைய பட்டன் போன்களில் பலர் பெயர்களைச் சிம்கார்டிலேயே பதிந்து வைத்திருந்தார்கள். சிம்கார்டை மாற்றினால் பெயர்களும் அதோடு போய்விடும். விஷயம் தெரிந்தவர்கள் முதலில் பெயர்களைப் போனுக்கு மாற்றிக்கொண்டு பிறகு சிம்கார்டைக் கழற்றினார்கள். தெரியாதவர்கள் அவசரத்தில் கழற்றி எறிந்துவிட்டு, மகளின் எண் என்ன, டாக்டரின் எண் என்ன என்று தேடினார்கள். முன்பெல்லாம் பத்து இருபது எண்கள் மனப்பாடமாக இருக்கும். செல்போன் வந்து அந்த ஞாபகத்தைத்தான் முதலில் வாங்கிக்கொண்டது!

இன்னும் சிலருக்கு மாறவே வழி இல்லை. சிம்கார்டு வாங்கி 90 நாள் ஆகாதவர்கள் மாற முடியாது. மாதக் கட்டண பாக்கி வைத்திருந்தவர்களும் மாற முடியாது.

ஜனங்களின் தவிப்பைப் பார்த்து, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' தலையிட்டது. கேட்டவர்களுக்கு மட்டும் அல்ல, எல்லா ஏர்செல் வாடிக்கையாளர்களுக்கும் எட்டு எழுத்துக் குறியீட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தக் குறியீடு ஏப்ரல் 15-ந் தேதி வரை செல்லும் என்றும் கெடு வைத்தது. சில வாரங்களில் லட்சக்கணக்கான எண்கள் வீடு மாறின. சித்திரை பிறந்து கெடு முடிந்தபோது, ஏர்செல் என்ற பெயர் போன்களின் முகப்பில் இருந்து மறைந்திருந்தது.

படம் வரும், பேச்சு வராது

ஏர்செல் கதை முடிந்தது. ஆனால் குரலுக்கு வரும் தொல்லை அதோடு முடியவில்லை. கம்பெனி நன்றாக நடந்தாலும், கோபுரத்தில் இருக்கும் கருவி மாறினாலே போன் ஊமையாகிவிடும்!

இதைச் சற்று விளக்க வேண்டும். பழைய '2ஜி' முறையில் பேச்சு என்பது ரயிலில் இடம் ரிசர்வ் செய்வது போல. நாம் பேசி முடிக்கும் வரை அந்த இடம் நமக்கே சொந்தம். நாம் சும்மா இருந்தாலும் வேறு யாரும் உட்கார முடியாது. '4ஜி' முறை அப்படி அல்ல. அது தபால் மூட்டை போல. குரலைச் சிறு சிறு துண்டுகளாக்கி, சினிமாப் படம், போட்டோ, கடிதம் எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே வழியில் அனுப்புகிறது. அந்தப் பக்கம் துண்டுகளை ஒட்டிக் குரலாக்கித் தருகிறது. இப்படிப் பேசுவதற்கு 'வோல்ட்டி' என்று பெயர்.

எல்லாப் போனுக்கும் இந்த வித்தை தெரியாது. சில போன்களில் 4ஜி இருக்கும். படம் ஓடும். ஆனால் பேசும்போது மட்டும் அது பழைய 2ஜி, 3ஜி கோபுரத்துக்கு இறங்கிப் போகும். பழைய கோபுரம் இருக்கும் வரை கவலை இல்லை. அது போய்விட்டால்? படம் வரும், பேச்சு வராது!

ஜியோவுக்குத் தொடக்கம் முதலே 2ஜி கிடையாது. அதனால்தான் பழைய பட்டன் போனில் ஜியோ சிம்கார்டு வேலை செய்யாது. அந்தக் கம்பெனி 2017-ல் ரூ.1,500 முன்பணத்துக்கு 4ஜி பட்டன் போன் ஒன்றைக் கொண்டுவந்ததன் காரணமும் இதுதான்.

இந்தச் சிக்கல் வேறு நாடுகளை நம்மைவிட அதிகமாகவே ஆட்டி வைத்தது. ஆஸ்திரேலியாவில் 2ஜி முன்பே மூடப்பட்டுவிட்டது. 3ஜியையும் 2024 அக்டோபர் 28-ந் தேதி டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் என்ற இரண்டு பெரிய கம்பெனிகள் மூடத் தொடங்கின. முதலில் ஜூன் மாதம் என்று சொன்ன டெல்ஸ்ட்ரா, ஆகஸ்டு என்று தள்ளிப்போட்டது. பிறகு அக்டோபருக்குப் போயிற்று. ஏன் இந்தத் தயக்கம்? சில போன்கள் சாதாரணப் பேச்சை 4ஜியில் ஒழுங்காகப் பேசின. ஆனால் ஆம்புலன்சு, போலீசு, தீயணைப்புக்கான '000' என்ற அவசர எண்ணைக் கூப்பிட்டால் மட்டும் 3ஜியைத் தேடின! வீட்டில் ஒருவருக்கு மாரடைப்பு என்று கூப்பிடும்போது போன் வாய் திறக்காவிட்டால் என்ன ஆவது?

தன் போன் தேறுமா என்று பார்க்க, அந்த நாட்டு ஜனங்கள் '3' என்று அடித்து 3498 என்ற எண்ணுக்குக் குறுந்தகவல் அனுப்பிக் கேட்டார்கள். தேறாத போன்களைக் கம்பெனிகள் தங்கள் இணைப்பில் வைத்திருக்கக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. நேற்று வரை வேலை செய்த போன் இன்று குப்பை!

நம் நாட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை. ஏர்டெல் 2019-ல் கல்கத்தாவில் தொடங்கி 3ஜியை மூடியபோதும், 2ஜியைத் தொடவில்லை. பட்டன் போனில் பேசும் கோடிக்கணக்கான பேர் அதனால் தப்பித்தார்கள். 3ஜி போன் வைத்திருந்தவர்களுக்குப் பேச்சு நிற்கவில்லை. இண்டர்நெட்தான் நத்தை ஆயிற்று.

சமையல் அறையில் மட்டும்...

"வாசலில் நின்றால் நன்றாகக் கேட்கிறது. சமையல் அறைக்குப் போனால் கட்டாகிவிடுகிறது" என்பது வீட்டுக்கு வீடு இருக்கும் புகார். கான்கிரீட் கூரையும் இரும்புக் கம்பியும் அலையைத் தடுப்பதால் வரும் வினை இது. ஓட்டு வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. வசதியாக வீடு கட்டிக்கொண்டால் போனுக்கு வசதி குறைகிறது!

இதற்கு 2019 டிசம்பரில் ஏர்டெல்லும், 2020 ஜனவரியில் ஜியோவும் ஒரு வழி கொண்டுவந்தன. வீட்டில் 'வைபை' இண்டர்நெட் இருந்தால், பேச்சு கோபுரத்துக்குப் போகாமல் அதன் வழியாகவே போகும். தனிக் கட்டணம் இல்லை. போனின் அமைப்பில் 'வைபை காலிங்' என்பதை ஒரு தடவை திறந்துவிட்டால் போதும். அதேபோல 'வோல்ட்டி' என்ற பொத்தான் மூடிக் கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். "டவர் சரியில்லை" என்று கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்த பல வீடுகளில் கோளாறு இந்தப் பொத்தானில்தான் இருந்தது.

கம்பெனியின் சிக்னலே இல்லாத இடத்திலும், அவசரத்துக்கு 112 என்ற எண்ணை அழுத்திப் பார்க்கலாம். அருகில் எந்தக் கம்பெனியின் கோபுரம் இருந்தாலும் போன் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். கோபுரமே இல்லாத மலங்காட்டில் அதுவும் நடக்காது.

பாட்டிக்கு ஏன் இண்டர்நெட்?

கோபுரம் இருந்தும், போன் இருந்தும், பேச்சு நின்றுபோன இன்னொரு காலமும் உண்டு. முன்பெல்லாம் பத்து ரூபாய் போட்டுவிட்டு மாதக்கணக்கில் வருகிற போனை மட்டும் எடுத்துக்கொண்டு காலத்தை ஓட்டலாம். 2018 கடைசியில் கம்பெனிகள் அதற்குப் பூட்டுப் போட்டன. 28 நாளைக்கு ஒரு தடவை குறைந்தபட்சம் ரூ.35 கட்டாவிட்டால், வருகிற பேச்சும் வராது என்றன. பிறகு அந்தத் தொகையும் படிப்படியாக ஏறியது. அதோடு இண்டர்நெட்டையும் தலையில் கட்டினார்கள். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு இண்டர்நெட் எதற்கு? இலை போட்டவருக்கெல்லாம் பாயசம் கட்டாயம், அதற்கும் காசு என்றால் எப்படி இருக்கும்!

நாட்டில் சுமார் 15 கோடிப் பேர் பட்டன் போனில்தான் பேசுகிறார்கள் என்பதை டிராய் எடுத்துக்கொண்டது. 2024 டிசம்பரில் புதிய விதி வந்தது. பேச்சுக்கும் குறுந்தகவலுக்கும் மட்டும் தனியாக ஒரு திட்டம் ஒவ்வொரு கம்பெனியும் வைக்க வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் கம்பெனிகள் அப்படிப்பட்ட திட்டங்களை அறிவித்தன. கடைக்காரராக இதை எடுத்துச் சொல்வது அபூர்வம். "பேச மட்டும் உள்ள பிளான்" என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஏர்செல்லில் அடிபட்ட குடும்பங்களில் வேறு ஒரு வழக்கமும் வந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் ஒரே கம்பெனியில் இருப்பது இல்லை. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு வேறு ஒன்று. இரண்டு சிம்கார்டு போடுகிற போனில் இரண்டு கம்பெனி. பாங்கி எண் எதில் இருக்கிறதோ, அதற்கு மட்டும் தவறாமல் ரீசார்ஜ். முக்கியமான பத்து எண்கள் சாமி படத்துக்குப் பக்கத்தில் சுவரில் எழுதி இருக்கும்.

கோவை, ஈரோடு, திருச்சி, மதுரைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள், கடை போர்டுகளைப் பார்த்தால் 98420 என்றும், 98422 என்றும் தொடங்கும் எண்களை இன்னமும் காணலாம். மழையில் நனைந்து, வெயிலில் வெளுத்த பெயிண்டு. அந்த எண்களைக் கொடுத்த கம்பெனி 2018-லேயே அடங்கிவிட்டது. எண் எந்தக் கம்பெனிக்குப் போயிற்று என்று போர்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அழுத்திப் பார்த்தால் மணி அடிக்கிறது.

"அலோ, மோட்டார் ரிப்பேருங்களா?" என்று கேட்டால், "ஆமாங்க, சொல்லுங்க" என்று பதில் வருகிறது.